கால் சதவீத அஸ்ஃபால்டீன்

“கால் சதவீதம்கூட இல்லையே சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?” தொலைபேசியில் இப்படிக் கேட்டவர் ஓர் உற்பத்திப் பொறியாளர். கெட்டிக்காரர், நம் ஊர்ப் பக்கத்து இளைஞர். வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு அவருடைய கிணற்றிலிருந்து கச்சா எண்ணெய் மாதிரி ஒன்று வந்திருந்தது. இலேசான, நல்ல எண்ணெய். அதில் அஸ்ஃபால்டீன், அதாவது எண்ணெயிலிருந்து பிரிந்து குழாயில் படியக்கூடிய கனமான கறுப்புப் பகுதி, எவ்வளவு என்று பார்த்துச் சொன்னோம், கால் சதவீதத்துக்கும் குறைவு. அதோடு விடாமல், கிணற்றின் அடியில் இருக்கும் அழுத்தம் குறையாமலேயே இன்னொரு மாதிரி எடுத்து அனுப்புங்கள், அழுத்தம் இறங்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தோம். அந்த மாதிரி எடுப்பது பணம் பிடிக்கும் காரியம், கிணற்றையும் கொஞ்ச நேரம் தொந்தரவு செய்ய வேண்டும். அவருடைய மேலிடமும் அவர் சொன்னதையே சொன்னது. மாதிரி வரவில்லை. சில மாதங்கள் போனதும் அந்தக் கிணற்றின் உற்பத்தி இறங்கிக்கொண்டே வந்தது, வயர்லைன் என்ற மெல்லிய கம்பியில் கேஜ் கட்டரை, அதாவது குழாயின் உள்வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியை, இறக்கிப் பார்த்தால் பாதி வழியில் நின்றுவிட்டது. முதலில் மெழுகு என்று நினைத்துச் சூடான எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள், அசையவில்லை. அப்புறம் சுரண்டி எடுத்த கறுப்புக் கட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் எங்கள் மேஜைக்கு வந்தது.

யாரைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. அந்தப் பொறியாளர் கேட்டதுதான் எல்லோரும் கேட்பது. பல நாட்டுக்காரர்கள், பல மொழிகளில், ஏறக்குறைய அதே தொனியில் கேட்டுவிட்டார்கள். எவ்வளவு இருக்கிறது? குறைவா? அப்படியானால் பயமில்லை. அதிகமா? அப்படியானால் பார்ப்போம். 1995இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அஸ்ஃபால்டீனைப் பெட்ரோலியத்தின் கொலஸ்ட்ரால் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது, அதன் பிறகு எந்தப் பயிற்சி வகுப்பிலும் அந்த உவமை இல்லாமல் பேச்சு தொடங்குவதில்லை. குழாயை அடைக்கும் என்கிற அளவில் பொருத்தம்தான். ஆனால் கொலஸ்ட்ரால் என்று கேட்டவுடன் மனம் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும் எண்ணைத் தேடப் போய்விடுகிறது, 200க்கு மேலா கீழா என்று. கச்சா எண்ணெயில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்கவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மெழுகு அல்ல

நம் நாட்டில் எண்ணெய்த் துறையில் பழகியவர்களுக்கு மெழுகுதான் பழக்கமான எதிரி. பம்பாய் ஹை எண்ணெயில் மெழுகு அதிகம். ராஜஸ்தானின் மங்களா எண்ணெயோ சாதாரண வெப்பநிலையிலேயே உறையத் தொடங்கிவிடும், குழாய் நெடுகச் சூடாக்கித்தான் குஜராத் கடற்கரைவரை கொண்டுபோகிறார்கள். மெழுகு குளிரில் உறையும், சூட்டில் உருகும், கணக்கு எளிது. அஸ்ஃபால்டீன் வேறு ஜாதி. அதை உலர்த்தினால் பளபளப்பான கருந்தூள் கிடைக்கும், சூடாக்கினால் உருகி ஓடாது, மேலும் மேலும் சூடாக்கினால் சிதைந்து கரியாகும். அந்தப் பிளாஸ்டிக் பையில் வந்த கட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளி டொலுவீன் என்ற கரைப்பானில் போட்டோம், கரைந்து கறுப்புத் திரவமானது. ஹெப்டேன் என்ற இன்னொரு திரவத்தில் போட்டது அப்படியே கிடந்தது. அந்த இரண்டு குப்பிகளைப் பார்த்தவுடன் சூடான எண்ணெய் ஏன் பலிக்கவில்லை என்பது விளங்கிவிட்டது.

உண்மையில் அஸ்ஃபால்டீன் என்பதற்கு வரையறையே அதுதான்: ஹெப்டேனில் கரையாதது, டொலுவீனில் கரைவது. பென்சீன் என்றால் ஒரே மூலக்கூறு, ஒரே வடிவம். அஸ்ஃபால்டீன் அப்படி இல்லை, லட்சக்கணக்கான வெவ்வேறு மூலக்கூறுகளின் கூட்டத்துக்குக் கரையும் குணத்தை வைத்து இட்ட பொதுப்பெயர். 1837இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசெங்கோ இந்தப் பெயரை வைத்தார். ஹெப்டேனுக்குப் பதில் பென்டேனை ஊற்றினால் அதே எண்ணெயிலிருந்து அதிகமாக விழும். ஆக கால் சதவீதம் என்று நாங்கள் அறிக்கையில் எழுதுவதுகூட நாங்கள் எந்தத் திரவத்தை ஊற்றினோம் என்பதைப் பொறுத்த எண்தான், எண்ணெய்க்குள் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பொருளின் நிலையான அளவு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த மூலக்கூறுகள் எப்படி இருக்கும் என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. மூலக்கூறு எடை பல ஆயிரம் என்று ஒரு கட்சி, சில நூறுதான் என்று இன்னொரு கட்சி. ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்தையே ஒற்றை மூலக்கூறு என்று எடை போட்டதால் வந்த குழப்பம் அது. இப்போது பெரும்பாலோர் ஒத்துக்கொள்வது 500க்கும் 1000க்கும் நடுவே, சராசரி 750 வாக்கில். 2015இல் ஸூரிக்கில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் அணுவிசை நுண்ணோக்கியால் நூற்றுக்கும் மேற்பட்ட அஸ்ஃபால்டீன் மூலக்கூறுகளைத் தனித்தனியாகவே படம் பிடித்தார்கள். நடுவில் அறுகோண வளையங்கள் அடுத்தடுத்து ஒட்டிய தட்டையான தகடு, அதன் ஓரங்களில் வால்களாக ஹைட்ரோகார்பன் சங்கிலிகள், ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபாடு. அந்தப் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. வருஷக்கணக்காகப் பிசுபிசுப்பாக மட்டுமே கையில் பட்ட ஒரு பொருளுக்கு முகம் இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயம் இல்லை.

தட்டையான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளப் பார்க்கும், ஓரத்து வால்கள் குறுக்கே வந்து அதைத் தடுக்கும். இந்த இழுபறியில் ஆறேழு மூலக்கூறுகள் சேர்ந்ததும் அடுக்கு நின்றுவிடுகிறது, சுமார் 2 நானோமீட்டர் அளவு. அந்தச் சின்ன அடுக்குகள் சில சேர்ந்து 5 நானோமீட்டர் அளவில் கொத்தாகும். நல்ல எண்ணெயிலும் இவை உண்டு, அவற்றால் தொல்லை இல்லை, எண்ணெயோடு எண்ணெயாக மிதந்து வெளியே வந்துவிடும். சுற்றியுள்ள திரவம் மாறி, இனி இதில் நம்மால் கரைந்திருக்க முடியாது என்கிற நிலை வரும்போதுதான் கொத்தும் கொத்தும் மோதிய இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. மைக்ரான் அளவுக்கு வளர்கின்றன, நுண்ணோக்கியில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன, பள்ளிக்கூடத்தில் வீழ்படிவு என்று படித்தோமே, அது.

சகாராவும் மரக்காய்போவும்

சதவீதத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. அல்ஜீரியாவில், சகாரா பாலைவனத்தில் ஹாசி மெசவுத் என்ற எண்ணெய் வயல், 1956இல் கண்டுபிடித்தது, அந்த நாட்டின் ஆகப்பெரிய வயல். இலேசான, விலைமதிப்புள்ள எண்ணெய். அதில் அஸ்ஃபால்டீன் 0.15 சதவீதம்தான், அதற்கும் குறைவாகச் சொல்பவர்களும் உண்டு. அங்கேதான் கிணற்றுக் குழாய்கள் அடைத்து அடைத்து, கரைப்பான் ஊற்றிக் கழுவிக் கழுவி, 1960களில் அது ஒரு தீராத தலைவலியாக இருந்தது. வெனிசுவேலாவில், மரக்காய்போ ஏரிக்கு மேற்கே போஸ்கான் வயல். அங்கே எண்ணெய் தாரைப் போலக் கனமானது, அஸ்ஃபால்டீன் 17 சதவீதம். கெட்டியான எண்ணெய், மேலே ஏற்றுவதே பெரும்பாடு, அது வேறு கதை. ஆனால் அஸ்ஃபால்டீன் பிரிந்து குழாயை அடைத்தது என்ற புகார் அங்கே ஏறக்குறைய இல்லை.

நூறு மடங்குக்கு மேல் இருக்கிற இடத்தில் தொல்லை இல்லை, துளி இருக்கிற இடத்தில் அடைப்பு. இதை முதலில் கேட்கிறவர்கள் எண்கள் இடம் மாறிவிட்டனவோ என்று திரும்பக் கேட்பார்கள். மாறவில்லை. கரைந்திருக்கும் பொருளைப் பார்த்துக் கேள்வி கேட்கிறோம், கரைத்து வைத்திருக்கும் திரவத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. போஸ்கான் எண்ணெயின் மற்ற பகுதிகள், ரெசின்கள் என்ற பிசின் போன்ற பொருள்களும் வளையச் சேர்மங்களும், அஸ்ஃபால்டீனுக்கு நெருங்கிய உறவு, நல்ல கரைப்பான்கள். கரைந்த வாயுவும் அங்கே குறைவு. ஹாசி மெசவுத்தில் எண்ணெயே பெரும்பாலும் பாரஃபின்கள் என்ற இலேசான சங்கிலி ஹைட்ரோகார்பன்கள், கூடவே ஏராளமான வாயு. அதாவது ஆய்வகத்தில் அஸ்ஃபால்டீனைப் பிரிக்க நாங்கள் வேண்டுமென்றே ஊற்றுகிற ஹெப்டேனின் சொந்தக்காரர்கள்தான் அந்த எண்ணெயில் முக்கால்வாசி. கரைக்கும் திறனை ஓர் எண்ணாகச் சொல்லும் வழக்கம் உண்டு, டொலுவீனுக்கு 18.2, ஹெப்டேனுக்கு 15.3. ஓர் எண்ணெய் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது, கிணற்றில் ஏறி வரும்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நகர்த்துவது அழுத்தம். பூமிக்கு அடியில் பல ஆயிரம் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் குழாயில் மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது. வாயு இன்னும் வெளியே வரவில்லை, எண்ணெய்க்குள் கரைந்தே இருக்கிறது, ஆனால் விரிகிறது. கனமான பகுதிகளைவிட இலேசான பகுதிகள் அதிகம் விரிவதால் திரவத்தில் அவற்றின் பங்கு கூடுகிறது, கரைக்கும் திறன் குறைகிறது, எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஹெப்டேன் பக்கம் சாய்கிறது. ஓர் இடத்தில் அஸ்ஃபால்டீன் பிரியத் தொடங்கும். வாயு முதல் குமிழியாக வெளியேறும் அழுத்தத்தில் நிலைமை ஆக மோசம். அதற்கும் கீழே போனால் வாயு திரவத்தைவிட்டு வெளியே போய்விடுவதால் மிஞ்சிய எண்ணெய் மறுபடி நல்ல கரைப்பானாகத் தொடங்கும். அதனால்தான் படிவு குழாய் முழுவதும் ஒரே சீராக இருக்காது, நடுவில் ஒரு பகுதியில் கனத்துக் கிடக்கும், மேலேயும் கீழேயும் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். எங்களுக்கு வந்த கட்டியும் பாதி வழியில் இருந்துதான் வந்தது. மேலே தரையில் எடுத்த மாதிரியில் இது எதுவுமே தெரியாது, வாயு போய்விட்ட எண்ணெய் அது. நாங்கள் அழுத்தம் குறையாத மாதிரி கேட்டது இதற்காகத்தான்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 5,000 பீப்பாய் எண்ணெய் தரும் கிணறு, அஸ்ஃபால்டீன் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக நாளுக்கு 5 பீப்பாய் அஸ்ஃபால்டீன் அந்தக் குழாய் வழியே போகிறது, சுமார் 800 லிட்டர். அதில் நூறில் ஒரு பங்கு மட்டும் சுவரில் ஒட்டினால் நாளுக்கு 8 லிட்டர், மாதத்துக்கு 240 லிட்டர். 3 அங்குல உள்விட்டம் உள்ள குழாய் மீட்டருக்கு நாலரை லிட்டர்தான் கொள்ளும். ஐம்பது மீட்டருக்கு மேல் முழுசாக அடைக்க ஒரு மாதம் போதும். கால் சதவீதம் என்பது சின்ன எண் என்று யார் சொன்னாலும் இந்தக் கணக்கைத்தான் நான் தாளில் போட்டுக் காட்டுவேன்.

மூடி போட்ட குப்பிகள்

இதுவரை சொன்னது எல்லாம் பாடப்புத்தகத்தில் கிடைப்பதுதான். என் பார்வையை உண்மையாகவே திருப்பிப் போட்டது வேறு ஒன்று. எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார், திருநெல்வேலிக்காரர், மலையாளிகள் பிலிப்பைன்ஸ்காரர்கள் உட்பட எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். எண்ணெயில் ஹெப்டேனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்து, எந்த அளவில் முதல் புள்ளி தெரிகிறது என்று குறிப்பது வழக்கமான சோதனை. அந்த அளவுக்குக் கீழே எண்ணெய் பத்திரம் என்று எழுதிக் கொடுப்போம். எல்லா ஆய்வகமும் அப்படித்தான். அண்ணாச்சி மட்டும் பத்திரம் என்று கழித்த குப்பிகளைக் கொட்டமாட்டார். மூடியை இறுக்கி, ஒட்டுத்தாளில் தேதி எழுதி, அலமாரியின் இருட்டில் அடுக்கிவைப்பார். எதற்கு என்று கேட்டால், “சும்மா இருக்கட்டும்லே” என்பதோடு சரி.

ஒரு மாலை, அறிக்கைகள் எல்லாம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்த நேரம், அந்தக் குப்பிகளில் சிலவற்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். பத்திரம் என்று நானே கையெழுத்துப் போட்ட அளவுகள்தான், அன்றைக்கு உண்மையாகவே ஒரு புள்ளிகூட இல்லை, படங்கள் இன்னும் கணினியில் இருந்தன. இப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் புலம் முழுக்கக் கரும்புள்ளிகள். ஹெப்டேன் அதிகம் இருந்த குப்பியில் நிறைய, குறைவாக இருந்த குப்பியில் இப்போதுதான் தொடங்குகிற மாதிரி ஓரிரண்டு. அண்ணாச்சி கேட்டார், “இன்னிக்கு விழலன்னா என்னிக்குமே விழாதுன்னு யாருல சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தோம். எங்கள் அலமாரியில் இருந்தது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபோக்லரின் குழு 2009இல் இதை முறையாக அளந்து வெளியிட்டிருந்தது. ஹெப்டேன் அதிகம் என்றால் சில நிமிடங்களில் விழும். அளவைக் குறைக்கக் குறைக்க நேரம் மடங்கு மடங்காக நீளும், மாதக்கணக்கில்கூடப் போகும். ஆகவே, இந்த அளவுக்கு மேல்தான் விழும், கீழே விழாது என்று ஒரே கோடு கிழிக்க முடியாது என்பது அவர்கள் முடிவு. நாம் பார்க்கிற முதல் புள்ளி என்பது அரை மைக்ரான் அளவுக்கு வளர்ந்த துகள், நுண்ணோக்கிக்கு அதற்குக் கீழே கண் தெரியாது. நாம் பத்திரம் என்று எழுதும் நேரத்தில் உள்ளே நானோமீட்டர் கொத்துகள் மோதிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும்தான் இருக்கின்றன. மெதுவாக.

கிணற்றுக் குழாயில் எண்ணெய் மாதக்கணக்கில் நிற்பதில்லையே, சில மணி நேரத்தில் மேலே வந்துவிடுமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. எண்ணெய் போய்விடும், குழாயின் சுவர் அங்கேயே இருக்கிறதே. ஒவ்வொரு மணி நேரமும் புதிய எண்ணெய் அதே இடத்தில் அதே அழுத்தத்தில் அதே மெதுவான வேலையைச் செய்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களில் கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகிறது. கிணறு மூடிக் கிடக்கும் நாட்களும் உண்டு. மேலே வந்தபின் தொட்டியில் வாரக்கணக்கில் நிற்பதும் உண்டு. அண்ணாச்சியின் குப்பிகளைப் பார்த்த பிறகு எங்கள் அறிக்கைகளில் ஒரு வரி கூடியது: கலந்த எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தோம் என்பதை முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதுவது. வாடிக்கையாளர் சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரே எண்ணாகக் கொடுங்கள் என்கிறார்கள். நான் இன்றுவரை அந்த வரியை எடுக்கச் சம்மதிக்கவில்லை.

கலப்பதும் மருந்து ஊற்றுவதும்

சுத்திகரிப்பு ஆலைகளிலும் இதே கதை வேறு உருவில் வரும். தனித்தனியே நன்றாக இருக்கும் இரண்டு கச்சா எண்ணெய்களை ஒரே தொட்டியில் விட்டால் அடியில் கறுப்புச் சேறு. ஒன்றில் அஸ்ஃபால்டீன் அதிகம், ஆனால் அதைத் தாங்கும் கரைப்பானும் இருந்தது. மற்றது இலேசான பாரஃபின் எண்ணெய், அஸ்ஃபால்டீனே இல்லாதது, ஆகவே ஆபத்தில்லாதது என்று நினைத்தது. அது போய் ஹெப்டேன் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது. எக்ஸானில் இருந்த இர்வின் வீஹே இதற்கு ஒரு கணக்கு முறை உருவாக்கினார், ஒவ்வோர் எண்ணெய்க்கும் கரைக்கும் திறனுக்கு ஓர் எண், கரையாமல் போகும் எல்லைக்கு ஓர் எண். கலவையின் திறன் எப்போதும் அந்த எல்லைக்கு மேலேயே இருக்க வேண்டும். எதை முதலில் ஊற்றுகிறோம், எதை அப்புறம் ஊற்றுகிறோம் என்பதுகூட அதில் முக்கியம். வரிசை மாறினால் அதே எண்ணெய்கள், அதே அளவு, சேறு விழும். 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதி வந்தபோது பலவிதக் கலவை எரிபொருள்கள் சந்தைக்கு வந்தன, பழைய எரிபொருள் மிச்சமிருக்கும் தொட்டியில் புதியதை ஊற்றாதே என்று கப்பல் பொறியாளர்களை எச்சரிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை, எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையரில் சேறு அள்ளியவர்களுக்கு எல்லாம் தெரியும்.

மருந்து விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வருகிறது. அஸ்ஃபால்டீனைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும் என்று விற்கிற ரசாயனங்களை வழக்கமாக எப்படிச் சோதிக்கிறார்கள் என்றால், ஒரு கண்ணாடிக் குழாயில் ஹெப்டேன், அதில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் மருந்து, குலுக்கி வைத்துவிட்டு அடியில் எவ்வளவு படிந்தது என்று பார்ப்பது. அடி சுத்தமாக இருந்தால் மருந்து தேர்வாகிவிடும். அந்த மருந்துகளில் பல, துகள் வளர்வதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான். பெரிய துகளாகி அடியில் விழ வேண்டியது சின்னத் துகளாக மிதந்துகொண்டிருக்கும், சோதனைக் குழாய் தெளிவாகத் தெரியும். ஓடுகிற குழாயிலோ பெரிய துகள் எண்ணெயோடு அடித்துக்கொண்டு போய்விடும், சின்னத் துகள்தான் சுவரை எளிதாகச் சேரும். மருந்து ஊற்றியபின் படிவு கூடியதாகக் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. நின்ற திரவத்தில் சோதித்து ஓடுகிற திரவத்துக்கு மருந்து வாங்குவது சரியில்லை என்று கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், உலோகச் சுவரை ஒட்டி எண்ணெய் ஓடும் சோதனை வேண்டும், அதையும் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். செலவு என்கிறார்கள். கிணற்றுக்குள் சைலீன் என்ற கரைப்பானை ஊற்றி ஊறவைத்து, காயில் டியூபிங் என்ற சுருள் குழாயைக் கொண்டுவந்து இறக்கிக் கழுவி, அத்தனை நாளும் உற்பத்தியை நிறுத்திவைக்கும் செலவை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதிய கிணறு தொடங்கும் பொறியாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் உடனே செய்யச் சொல்வேன். அழுத்தம் குறையாத அடிமாதிரியை முதல் மாதங்களிலேயே எடுத்துவிடுங்கள். கிணற்றடியில் அழுத்தம் ஒருமுறை அஸ்ஃபால்டீன் பிரியத் தொடங்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால், அதன் பிறகு எடுக்கும் மாதிரிக்குள் வரும் எண்ணெய் தன் அஸ்ஃபால்டீனில் ஒரு பங்கை ஏற்கெனவே பாறையிலேயே விட்டுவிட்டு வந்த எண்ணெய். அதை எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் உண்மையைவிட நல்ல முடிவுதான் வரும், அந்த முடிவை நம்பித்தான் அடுத்த கிணறுகளையும் தோண்டுவார்கள்.